எல்லையோர ஊரில் வெளிநாட்டவருக்கு வீடு வாடகைக்கு விடும்போது

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் உள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகரில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு, ஆரம்பாக்கம் தொடங்கி தடா, சூளூர்ப்பேட்டை வரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர்களில் ஜப்பானியரும் கொரியரும் வீடு தேடி வருவது புதிதல்ல. பெரும்பாலோர் சென்னையில் தங்கி நாள்தோறும் காரில் வந்து போகிறார்கள் என்றாலும், அந்த அலைச்சல் பொறுக்காமல் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே குடியேற விரும்புபவர்களும் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் மாடி வீட்டைக் கேட்டு வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இங்குள்ள செய்தி. வந்தவரை விருந்தாளியாக நினைத்துத் தாங்கவும் வேண்டாம், ஏமாந்த ஆளாக நினைத்து வாடகையை இரட்டிப்பாக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பேச்சு வாடகையிலிருந்து தொடங்கட்டும். முன்பணம் எத்தனை மாதம், பராமரிப்புத் தொகை தனியா, வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பீர்களா என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நமக்கு இது வழக்கம். வந்தவருக்கோ கடைசி நாளில் இதைக் கேட்டால் மோசடியாகவே தோன்றும். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பொருந்தும் பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் வீடு விடும் பழக்கத்தை இந்த ஒரு குடித்தனத்திலாவது விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அந்த ஒப்பந்தம்தான் அவருடைய முகவரிச் சான்றும்கூட. அசைவம் சமைக்கக் கூடாது என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து மாடிப்படியில் நின்று மூக்கைச் சுளிப்பது முறையல்ல.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். வெளிநாட்டவர் ஒருவர் உங்கள் வீட்டில் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள், அவரைப் பற்றிய விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. சி படிவம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விடுதிகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைப்பது தவறு. தனி வீட்டுக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்ற ஒரே சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் இந்தக் கடமை தொடர்கிறது, தவறினால் தண்டனையும் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிவத்தை நிரப்புவதற்கு முன், வீட்டுக்காரராகிய நீங்கள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர், வீட்டு முகவரி, எந்தக் காவல் நிலைய எல்லை என்ற விவரங்களைக் கொடுத்து ஒருமுறை பதிவு செய்து, பயனர் பெயரைப் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு ஒப்புதல் கிடைக்க நேரம் பிடிக்கலாம் என்பதால், ஆள் பெட்டியுடன் வாசலில் வந்து நிற்கும் நாளில் அதைத் தொடங்காமல், ஒப்பந்தம் பேசி முடித்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். முகவரிப் பகுதியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. ஆரம்பாக்கத்து வீடு திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்குக் கீழே வரும், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள தடா வீடு ஆந்திரக் காவல் நிலையத்துக்குக் கீழே வரும். அவர் வேலை செய்யும் நிறுவனம் ஆந்திரத்தில் இருப்பதால் வீட்டுக்கும் ஆந்திர முகவரியே போடலாம் என்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள்.

நிரப்பும் வேளையில் அவரது பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வைத்துக்கொண்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் எது, இட்ட பெயர் எது என்பதைப் பாஸ்போர்ட்டில் அச்சிட்டபடியே எழுத வேண்டும். நாம் கூப்பிடும் வரிசையில் எழுதினால் பின்னால் எந்த ஆவணமும் ஒத்துப்போகாது. எண்களில் பூஜ்யமும் ஆங்கில எழுத்து ஓவும் குழம்புவது மிகச் சாதாரணம், ஆகவே அவரையே ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் வழங்கப்பட்ட நாள், காலாவதியாகும் நாள், இந்தியாவுக்குள் நுழைந்த நாள், உங்கள் வீட்டுக்கு வந்த நாள், இங்குள்ள தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்பார்கள், புகைப்படமும் வேண்டும். மனைவி மக்கள் மூன்று மாதம் கழித்து வந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் போட வேண்டும். முடித்த படிவத்தை அச்செடுத்து ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த நகல் அவருக்கு உடனே பயன்படும். 180 நாள்களுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர், வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் இந்தப் படிவத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டுவார். நிறுவனத்தின் ஆட்கள் வழக்கமாக இதைப் பார்த்துக்கொள்வதால், நீங்கள் கையெழுத்துக்கு அலைக்கழிக்காமல் இருந்தாலே போதும்.

வீட்டுக்குள் முதல் வாரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தே மற்ற மாதங்கள் அமையும். செருப்பை வாசலில் விட வேண்டும் என்று ஜப்பானியருக்கோ கொரியருக்கோ சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலும் அதே பழக்கம்தான். சொல்லித்தர வேண்டியது மின்சாரத்தைப் பற்றி. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சோறு வடிக்கும் குக்கரை நேராக நம் பிளக்கில் சொருகினால் ஒரே நொடியில் புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கச் சொல்லுங்கள். அதைவிட, இங்கேயே ஒரு குக்கர் வாங்கிக்கொள்வது மலிவு. கொரியாவில் 220 வோல்ட் என்பதால் அவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு, பிளக்கின் வடிவம்தான் பொருந்தாது. மீட்டரில் உள்ள எண்ணை இருவருமாகப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் ஆந்திரப் பக்கம் மாதந்தோறும் கணக்கெடுப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டால், முதல் பில்லின் தொகையைக் கண்டு அவர் திகைக்க மாட்டார்.

குழாய்த் தண்ணீர் எதற்கு, கேன் தண்ணீர் எதற்கு என்று காட்டுங்கள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுநீர் உப்புக் கரிக்கும். பல் தேய்க்கவும் கேன் தண்ணீரைக் கேட்டால் சிரிக்காதீர்கள். சமையல் எரிவாயுவுக்கு உங்கள் பெயரில் உள்ள இணைப்பை அவருக்குக் கொடுப்பது விதிக்குப் புறம்பானது. அடையாளச் சான்று காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கிறது. தனியாள் குடித்தனத்துக்கு இவை தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போவதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கரையோரம் பட்ட பாடும் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் எதை எதை இயக்கும், மோட்டாரை இயக்காது என்பதை மழைக்கு முன்பே சொல்லுங்கள்.

சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவை. உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணைக் கடைக்காரர் கேட்டால், நிறுவனத்து ஆள் யாராவது கொடுப்பதே பொருத்தம். வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். கணக்கு தொடங்கும் வரை ரொக்கம் என்றால் ரசீது கொடுங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் சற்றுத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கும். பிள்ளைகள் ஓடிவந்து செல்பி கேட்பதை முதல் நாள் ரசிப்பார், பத்தாம் நாள் ரசிக்க மாட்டார். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதும், சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதும் வேண்டாம். ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழி விடியற்காலைப் பாட்டு, போகியன்று எழும் புகை ஆகியவற்றை ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் அவர் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார். மாடியிலிருந்து கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயின் வாசனை வருகிறது என்று குறைப்படுபவர்களும் இருப்பார்கள். கருவாடு வறுக்கும் தெருவில் அந்தக் குறையை நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் பக்கத்தில் இருப்பதால், ஏரிக்கரையில் பறவைகளைப் படமெடுக்க டிரோன் பறக்கவிடலாமா என்று கேட்டால் கூடாது என்றே சொல்லுங்கள். அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பது பல வெளிநாட்டவருக்குத் தெரியாது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108 என்று சுவரில் எழுதி ஒட்டி, அதன் கீழே ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எல்லையோரத்தில் கைப்பேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், எந்த மாநிலம் என்பதையே அவர் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் காலி செய்யும்போது புறப்படும் நாளையும் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு மாறுகிறார் என்றால், அவர் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், புதிய வீட்டுக்காரரும் மறுபடி படிவம் போட வேண்டும். நாட்டை விட்டே போகிறார் என்றால், வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே முன்பணத்தைத் திருப்பிவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு அந்தப் பணத்தை அனுப்புவது இருவருக்குமே பெரும் தொல்லை.