"சும்மா ஒரு காபி" என்று கூப்பிட்டால்: வேலையில் இருந்துகொண்டே இன்டர்வியூவைச் சமாளிப்பது எப்படி?

சென்னை ஐ.டி. வேலையில் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டால் இந்த மெசேஜ் என்றாவது ஒருநாள் வரும். பழைய மேனேஜர் அனுப்புவார், இல்லையென்றால் ஸ்டார்ட்அப் தொடங்கிய கல்லூரி சீனியர். "என்னப்பா, எப்படி இருக்க? சனிக்கிழமை ஃப்ரீயா இருந்தா ஒரு காபி குடிக்கலாமா?"

ரெஸ்யூமே கேட்கவில்லை, எச்.ஆர். யாரும் பேசவில்லை. ஆனாலும் அது இன்டர்வியூதான். காபி குடித்துவிட்டு அவர் திரும்பிப் போனதும் "ஆள் எப்படி, சரியா வருவாரா?" என்று அங்கே ஒருவர் கேட்பார். அதற்கு அவர் சொல்லப்போகும் பதிலை நீங்கள் அந்த மேஜையில்தான் தயார் செய்து கொடுக்கிறீர்கள். முதல்முறை இப்படி அழைப்பு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.டி. உதாரணங்களாகத்தான் இருக்கும், மற்ற துறைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: எதற்குக் கூப்பிடுகிறார் என்று கேட்டுவிடுங்கள்

பலரும் கூச்சப்பட்டு இதைக் கேட்பதில்லை. கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்படி அனுப்பலாம்:

"கண்டிப்பா பார்க்கலாம்ணா. பொதுவா பேசவா, இல்ல உங்க டீம்ல ஏதாவது ரோல் மனசுல இருக்கா? தெரிஞ்சா கொஞ்சம் யோசிச்சிட்டு வருவேன்."

"ஆமா, ஒரு டீம் லீட் தேடிட்டு இருக்கோம்" என்று பதில் வந்தால் தயாரிப்போடு போகலாம். "சும்மாதான்" என்று வந்தாலும் பாதித் தயாரிப்போடு போங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: "இப்போதைக்கு இது நமக்குள்ளயே இருக்கட்டும்ணா." நம் ஊரில் எல்லா கம்பெனியிலும் எல்லோருக்கும் ஒரு பேட்ச்மேட் இருப்பார். செய்தி நீங்கள் வீடு திரும்புவதற்குள் உங்கள் ஃப்ளோருக்குப் போய்விடும்.

படி 2: தடயத்தை வீட்டில் வையுங்கள், ஆபீஸில் வேண்டாம்

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில், ஆபீஸ் வைஃபை மூன்றையும் இதற்குத் தொடவே வேண்டாம். அவர் மீட்டிங் இன்வைட் அனுப்பினால் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபீஸ் காலண்டரில் உங்கள் நேரம் டீமுக்கே தெரியும்.

லிங்க்ட்இன்னில் "ஓப்பன் டு வொர்க்" (வேலை மாறத் தயார் என்ற அடையாளம்) போடுவதாக இருந்தால், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் லிங்க்ட்இன் அதை உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்கப் பார்க்கும். ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று அவர்களே சொல்கிறார்கள். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் குறிப்பிட்ட கம்பெனிகள் உங்கள் புரொஃபைலைப் பார்க்காதபடி தடுக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அப்புறம், இரண்டு வருடம் தூங்கிக் கிடந்த லிங்க்ட்இன் பக்கத்தை ஒரே ராத்திரியில் தூசு தட்டாதீர்கள். அதைப் பார்த்தே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: இடமும் நேரமும்

உங்கள் டெக் பார்க் ஃபுட் கோர்ட் வேண்டாம், பக்கத்துக் கட்டடமும் வேண்டாம். பெருங்குடியில் வேலை என்றால் அடையாறிலோ மயிலாப்பூரிலோ சந்தியுங்கள். சனிக்கிழமை காலை நல்லது. வார நாள்தான் முடியும் என்றால் ஆபீஸுக்கு முன்னால், காலை டிபன் நேரம். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் மதிய இடைவேளையில் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

லீவு எடுக்க வேண்டியிருந்தால் "சொந்த வேலை" என்று மட்டும் போடுங்கள். பாட்டியைக் கொல்ல வேண்டாம்.

டிபன் ஆர்டர் செய்வதில்கூட கவனம் தேவை. நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு, கை முழுக்க சட்னியோடு உங்கள் ஆர்க்கிடெக்சர் அனுபவத்தை விளக்குவது கஷ்டம். இட்லி பரவாயில்லை. பில்லைப் பொதுவாக கூப்பிட்டவர் கொடுப்பார். ஒருமுறை கை நீட்டுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 4: மேஜையில் பேசுவது

முக்கியமான இடம் இதுதான்.

உங்களைப் பற்றி இரண்டு நிமிடத்தில் சொல்ல ஒரு கதை தயாராக இருக்கட்டும்: என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது. இப்படி இரண்டு மூன்று வேலைகள் போதும். கிளையன்ட் பெயர், பில்லிங் ரேட், இன்னும் வெளிவராத பிராடக்ட், டீமில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதெல்லாம் கூடாது. "ஒரு பெரிய அமெரிக்க வங்கிக்கு" என்றால் போதும். உங்கள் மேனேஜர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் இதைச் சொல்வேனா என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரும் கவனிக்கிறார்: இந்தக் கம்பெனி ரகசியத்தை இவ்வளவு சுலபமாகக் கொட்டுகிறவர் நாளை நம்முடையதையும் கொட்டுவார் என்று.

அடுத்தது, "ஏன் மாறணும்னு நினைக்கிறீங்க?" என்ற கேள்வி. உங்கள் மேனேஜரைப் பற்றிய பத்து வருட வயிற்றெரிச்சல் வெளியே வரத் துடிக்கும் இடம் இது. அடக்குங்கள். நீங்கள் தேடிப் போகவில்லையென்றால் உண்மையே உங்களுக்குச் சாதகம்: "மாறணும்னு இன்னும் முடிவு பண்ணலைணா. நீங்க கூப்பிட்டீங்க, கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன்." ஏற்கனவே தேடிக்கொண்டிருந்தால் பொய் வேண்டாம். "நல்லதா ஒண்ணு அமைஞ்சா யோசிப்பேன்" போதும். மாதச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது பேசுவதால் உங்களுக்கு அவசரமில்லை. அந்த நிதானம் குரலில் தெரியட்டும்.

பிறகு நீங்கள் கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது? நான் யாருக்கு ரிப்போர்ட் செய்வேன்? கடைசி முடிவு யார் கையில்? இவை எல்லாவற்றையும்விட, "இந்த ரோலுக்கு பட்ஜெட் அப்ரூவ் ஆகிடுச்சாணா?" என்று கேளுங்கள். காபி அழைப்புகளில் பெரும் பகுதி இந்தக் கேள்வியில் நின்றுவிடும். "அடுத்த குவார்ட்டர்ல வரும்" என்றால் நட்பாகக் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். அதற்குமேல் மனதை அலைய விட வேண்டாம்.

படி 5: சம்பளப் பேச்சு

முதல் சந்திப்பில் எண்ணைச் சொல்லாமல் இருப்பது நல்லது. "உங்க பக்கம் இந்த ரோலுக்கு என்ன ரேஞ்ச் வெச்சிருக்கீங்க?" என்று பந்தை அவர் பக்கமே தள்ளிவிடுங்கள். விடாமல் கேட்டால், எதிர்பார்ப்பை ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது வேலைக்கு ஆகாது. பின்னால் பே ஸ்லிப், ஃபார்ம் 16 (கம்பெனி தரும் வருமான வரிச் சான்று) எல்லாம் கேட்பார்கள்.

அவர் "12 லட்சம்" என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனம் வகுத்துவிடும். ஒரு கணக்குப் பார்ப்போம். சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை 12 லட்சம், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் (மாதாமாதம் நிச்சயமில்லாத பகுதி) 10 சதவீதம், அதாவது 1,20,000. கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், வருடத்துக்கு 57,600. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம் ஒதுக்கினால் 23,088. இவற்றைக் கழித்தால் மிச்சம் 9,99,312. மாதம் சுமார் 83,276. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 4,800 போனால் 78,476. வருமான வரி, தொழில் வரி இனிமேல்தான். சில கம்பெனிகள் பி.எஃப்.பை 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 கட்டும். அப்போது கைக்கு வருவது கூடும். அதனால் சி.டி.சி. எவ்வளவு என்று கேட்டதோடு நிறுத்தாமல் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. இப்போதைய கம்பெனியில் 4 வருடம் 8 மாதம் ஆகியிருக்கிறதா? பொதுவாக 5 வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி கிடைக்கும். அதே 40,000 பேசிக்குக்கு 15/26 கணக்கில் (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) 5 வருடத்துக்கு சுமார் 1,15,000 ரூபாய். சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்க இது போதுமான காரணம்.

படி 6: நோட்டீஸ் பீரியட்

"எப்போ சேர முடியும்?" என்றால் ஆர்வத்தில் "ஒரே மாசம்ணா" என்று வாயை விடாதீர்கள். முந்தின நாளே உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படியுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு பெரிய ஐ.டி. கம்பெனிகளில் 90 நாள் வேலை பார்க்க வேண்டியிருப்பது சாதாரணம். பணம் கட்டி முன்கூட்டியே வெளியேற அனுமதி உண்டா, அது கம்பெனியின் விருப்பமா உங்கள் உரிமையா என்பதையும் பாருங்கள். அந்தப் பணத்தை (பை-அவுட்) புதிய கம்பெனி தருமென்றால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று ஒரு வரி இருந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகும் ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ரகசியம் காக்கும் கடமை அப்படியில்லை, அது தொடரும். ஒரு எக்ஸெல் ஃபைலைக்கூட உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: திரும்பி வந்த பிறகு

அன்று மாலையே நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். ஆர்வம் இருந்தால், அடுத்து என்ன என்று அதிலேயே கேளுங்கள். பேச்சு முறையான சுற்றுகளுக்குப் போனால், ஆஃபரை ஏற்கும்வரை இப்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று எச்.ஆரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"நம்ம பையன்தான், கன்ஃபார்ம் பண்ணிக்கோ" என்ற வாய்வார்த்தையை நம்பி பேப்பர் போடக் கூடாது, அதாவது ராஜினாமா கொடுக்கக் கூடாது. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய நிதிப் பிரிவு வேறு முடிவெடுக்கும். சம்பளப் பிரிப்பு, சேரும் தேதி, பதவி எல்லாம் உள்ள ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவர்களும் அதை உறுதி செய்த பிறகுதான் ராஜினாமா. அதற்கு முன்னால் பே ஸ்லிப்புகள், ஃபார்ம் 16, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் ஆகியவற்றைப் போர்ட்டலிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இவை உங்களுக்குரிய ஆவணங்கள். கடைசி நாளில் லாகின் போய்விட்டால் ஒவ்வொன்றுக்கும் மெயில் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும். பழைய கம்பெனியில் விலகும் தேதிக்கு முன்பே புதியதில் சேர்ந்துவிடவும் வேண்டாம். ஒரே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் எண்) கீழ் இரண்டு இடத்திலும் பி.எஃப். விழுந்தால் பின்னணிச் சரிபார்ப்பில் அது தெரியும்.

வேண்டாம் என்று தோன்றினால் இழுத்தடிக்காமல் இரண்டு நாளில் சொல்லிவிடுங்கள்: "யோசிச்சேன்ணா, இப்போதைக்கு இங்கயே இருக்கலாம்னு தோணுது. கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. என் பழைய டீம்ல ஒருத்தர் இதுக்குச் சரியா இருப்பார், அவர்கிட்ட கேட்டுட்டு நம்பர் தரட்டுமா?"