முன்கூட்டியே பணி ஓய்வு: கடிதம் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலையை விடத் தூண்டுவது உடல்நலமா, முதிய பெற்றோரா, மேலதிகாரி மீதான சலிப்பா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சலிப்புதான் என்றால் இடமாற்றம் கேட்டுப் பார்ப்பதே நல்லது.

வருங்கால வைப்பு நிதியில் உள்ளவர், 10 ஆண்டுப் பணி முடித்திருந்தால் 50 வயதிலிருந்தே ஓய்வூதியம் கோரலாம். ஆனால் 58 வயதுக்கு முன்பாகப் பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைவதுடன், அக்குறைவு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதால், வேலையை விட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நிற்கும் முன் சொந்தக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

குமரி மாவட்டத்தில் பணிக்கொடையை அப்படியே குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் போட்டுவிடும் ஆசை பலருக்கு உண்டு. புதிதாக நட்ட மரம் பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும்; அதன் பிறகும், இரு பருவமழைகளையும் பெறும் இம்மண்ணில் மழை நாட்களில் வெட்டு தடைப்படும். (வெட்டுக்கு ஆள் கிடைப்பது தனிக் கதை.) ஆகவே அத்தனை ஆண்டுகளுக்கான வீட்டுச் செலவை வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டு, எஞ்சிய தொகைக்கு மட்டும் நிலம் பாருங்கள்.