பயிற்சித் தாளிலிருந்து தொடங்குங்கள்: உயர்நிலை வகுப்பில் அறிவியலைக் கலந்து கற்பிக்கும் முறை

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே பாடமாக நடத்துவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கைவைப்பது கால அட்டவணையில்தான். உண்மையில் அது கடைசியாக மாற வேண்டியது. இந்த முறையின் பலனில் பெரும்பகுதி, மாணவர் கையில் போய்ச் சேரும் பயிற்சித் தாளில் இருக்கிறது. தாளை மாற்றாமல் அட்டவணையை மட்டும் கலைத்தால் ஆசிரியருக்கு அலைச்சல், மாணவருக்குக் குழப்பம்.

இதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று ஒருங்கிணைப்பு: ஆற்றல், துகள் போன்ற ஒரு கருத்தை மூன்று துறைகளிலும் ஒரே இழையாகக் கொண்டுபோவது. இன்னொன்று கலப்பு: ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் பத்து கொடுக்காமல், ஒன்றோடொன்று குழம்பக்கூடிய வகைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டையும் செய்ததாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

கலப்பு ஏன் வேலை செய்கிறது? 'உள்ளுறை வெப்பம்' என்று தலைப்பிட்ட தாளில், எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்ற கேள்விக்குத் தலைப்பே விடை சொல்லிவிடுகிறது. மாணவர் எண்களை மட்டும் பொருத்துகிறார். தேர்வில் தலைப்பு இருக்காது. உளவியலாளர்கள் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திண்ம உருவங்களின் கன அளவைக் கணக்கிடக் கற்ற கல்லூரி மாணவர்களில் வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழானது: முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. கணக்குப் போடும் திறனோடு, எந்தக் கணக்கு இது என்று அடையாளம் காணும் திறனும் பயிற்சி பெற்றதுதான் காரணம்.

தாளை அமைப்பது

ஒரு தாளுக்குப் பத்து கேள்விகள் போதும். நான்கு இந்த வாரப் பாடத்திலிருந்து. நான்கு, கடந்த மூன்று வாரங்களில் நடத்தியவற்றில் இந்தப் பாடத்தோடு குழம்பக்கூடியவை. மீதி இரண்டு, ஒரு மாதத்துக்கு முந்தையவை. அடுத்தடுத்த இரண்டு கேள்விகளுக்கு ஒரே வழிமுறை வரக் கூடாது. தாளில் பாடத் தலைப்போ அலகு எண்ணோ இருக்கவே கூடாது.

பாதிக் கேள்விகளுக்கு, விடைக்கு முன்னால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கொள்கை, ஏன் அது. மூன்று கேள்விகளை அந்த வரியோடே நிறுத்திவிடலாம். கணக்குப் போடத் தேவையில்லை. நேரமும் மிச்சம், தேர்ந்தெடுக்கும் பழக்கமும் வரும்.

எதை எதோடு கலப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். ஒளிச்சேர்க்கைக் கேள்விக்குப் பக்கத்தில் வெக்டர் கூட்டலை வைத்தால் யாரும் ஒன்றை இன்னொன்றாக நினைக்கப் போவதில்லை. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் பலன் கிடைக்கும், வேறுபடுத்திப் பார்க்கும் பலன் கிடைக்காது. குழம்பும் தொகுப்புகள் சில:

வெப்பநிலை மாற்றம், நிலை மாற்றம், வேதிவினை வெப்பம். 0 °செ-இல் உள்ள 50 கிராம் பனிக்கட்டி, 20 °செ நீராக எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு கிராம் உருக 334 ஜூல், ஒரு கிராம் நீர் 1 °செ சூடேற 4.18 ஜூல். உருக 50 × 334 = 16,700 ஜூல்; பிறகு சூடேற 50 × 4.18 × 20 = 4,180 ஜூல்; மொத்தம் 20,880 ஜூல். முதல் பகுதியை விட்டுவிடுபவர் அநேகம். அடுத்த கேள்வியில் பனிக்கட்டியே இல்லாமல் வெறும் நீரைக் கொடுங்கள். அப்போது சிலர் 334-ஐத் தேவையில்லாமல் சேர்ப்பார்கள். இரண்டு பிழையும் ஒரே தாளில் தெரிந்தால்தான் திருத்த முடியும்.

விகிதங்கள்: அடர்த்தி, மோல் செறிவு, வேகம், திறன். எல்லாமே ஒன்றை இன்னொன்றால் வகுப்பது. அலகைப் பார்த்து அடையாளம் காணும் பழக்கம் இங்கேதான் வளர்கிறது.

விரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல். இவற்றோடு வெப்பக் கடத்தலையும் ஒரு கேள்வியாகச் சேருங்கள். எதில் பொருள் நகர்கிறது, எதில் ஆற்றல் மட்டும் நகர்கிறது என்று பிரித்துச் சொல்லவேண்டி வரும்.

ஒரு எச்சரிக்கை. புதிய கருத்தை அறிமுகம் செய்யும் முதல் ஓரிரு பாடவேளைகளில் கலக்காதீர்கள். ஒரே வகையில் மூன்று நான்கு கணக்குகளைப் படிப்படியாகச் செய்துகாட்டிய பிறகே கலப்புத் தாள். இன்னும் புரியாத ஒன்றைக் கலப்பது வேறுபடுத்தும் பயிற்சி ஆகாது, ஊகம்தான் ஆகும். அதேபோல் விடை திருத்தம் அன்றே அல்லது மறுநாளே போய்ச் சேரவேண்டும். கலப்புத் தாளில் பிழைகள் கூடுதலாக இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திருத்தினால் அந்தப் பிழைகளே மனத்தில் படிந்துவிடக்கூடும்.

இழையைத் தேர்வது

'நீர்', 'உணவு' போன்ற தலைப்புகளைச் சுற்றிப் பாடம் கட்டுவது பார்க்க அழகாக இருக்கும், ஆழம் வராது. நீரின் கொதிநிலை, நீர்ச்சுழற்சி, நீர்வாழ் உயிரிகள் மூன்றையும் கோக்கும் விளக்கம் எதுவும் அதில் இல்லை. ஒரு துறையில் கற்ற விதியை இன்னொரு துறையில் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உள்ள கருத்தே இழையாகும்.

ஆற்றல் அப்படி ஒன்று. துறைகள் பிரிந்து கிடப்பதால் வரும் கேட்டையும் அது நன்றாகக் காட்டும். வேதியியலில், பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும் என்று படிக்கிறார்கள். உயிரியலில், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் (ATP) பாஸ்பேட் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும் என்று படிக்கிறார்கள். இரண்டையும் மனப்பாடம் செய்து இரண்டு தேர்விலும் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். முரண் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒருங்கிணைந்த வரிசையில் இதை இப்படி நடத்தலாம். முதலில் ஹைட்ரஜன் எரிவது. இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் (மோலுக்குப் பிணைப்பு ஆற்றல் முறையே 436, 498 கிலோஜூல்; ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 463): உடைக்க 2 × 436 + 498 = 1,370 கிலோஜூல் செலவு. நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும்போது 4 × 463 = 1,852 கிலோஜூல் வரவு. நிகர வரவு 482. உடைப்பது எப்போதும் செலவு, உருவாவது எப்போதும் வரவு என்று கணக்கேட்டைப் போல எழுதவையுங்கள். அடுத்து ஏடிபி. அங்கும் உடைக்கச் செலவுதான். ஆனால் நீரோடு வினைபுரிந்து புதிய பிணைப்புகள் உருவாவதும், விளைபொருள்கள் நீரில் கூடுதல் நிலைப்பு பெறுவதும் சேர்ந்து, திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் நிகரமாக வெளிப்படுகிறது. அதன்பின் தாளில் ஒரு கேள்வி: 'ஏடிபி பிணைப்பு உடைவதால் ஆற்றல் கிடைக்கிறது என்ற வாக்கியத்தைத் திருத்துக.' இந்த ஒரு கேள்வியை ஆண்டு முழுக்க மூன்று முறை கேட்டாலும் தவறில்லை.

செய்முறைக்கு நல்ல இழை, புறப்பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம். 100 மி.லி. நீரில் 2 கிராம் அகாரைக் காய்ச்சி, சில துளி ஃபினால்ப்தலீனும் (காரத்தில் இளஞ்சிவப்பாகவும் அமிலத்தில் நிறமற்றும் இருக்கும் நிறங்காட்டி), இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவு மட்டும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து உறையவிடுங்கள். 3 செ.மீ. கனசதுரத்துக்கு அகார் அந்த உயரத்துக்காவது நிற்க வேண்டும், அதனால் ஆழமான பாத்திரம் தேவை. 1, 2, 3 செ.மீ. கனசதுரங்களாக வெட்டி, வினிகரில் மூழ்கவைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் குறுக்கே வெட்டினால் நிறம் போன ஓரத்தின் தடிமன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அது 3 மி.மீ. என்றால், சிறிய கனசதுரத்தில் அமிலம் எட்டிய பங்கு 94 சதவீதம், நடுவில் உள்ளதில் 66, பெரியதில் 49. செல் ஏன் சிறியது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அடுத்த வாரம் சலவைக்கல் துண்டும் தூளும் அமிலத்தில் வினைபுரியும் வேகம். அதற்கடுத்து சிறிய குவளையிலும் பெரிய குவளையிலும் வெந்நீர் ஆறும் வேகம். சோடியம் ஹைட்ராக்சைடு கூடிவிட்டால் நிறம் போக அரைமணி ஆகும், பாடவேளை முடிந்துவிடும். துண்டுகளை இடையிடையே புரட்டாவிட்டால் அடிப்பக்கத்தில் ஓரமே தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ஆண்டை அடுக்குவது

36 வாரம், வாரம் 5 பாடவேளை என்றால் 180. அதில் 20-ஐ எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். பாடங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, எது எதற்கு முன்வர வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள்: விரவலுக்கு முன் துகள் கொள்கை, செறிவுக்கு முன் மோல், செல் சுவாசத்துக்கு முன் பிணைப்பு ஆற்றல். பிறகு 11 வாரம் கொண்ட மூன்று சுற்றுகள். எஞ்சிய 3 வாரம் தேர்வுக்கு. ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு சுற்றிலும் வரவேண்டும். ஆற்றல் என்றால் முதல் சுற்றில் இயக்க ஆற்றல், வெப்பம், இரண்டாவதில் வேதிவினை, மூன்றாவதில் சுவாசமும் உணவுச் சங்கிலியும்.

சேர்மங்களுக்குப் பெயரிடுதல், உயிரிகளின் வகைப்பாட்டுப் பெயர்கள் போன்றவற்றை வலிந்து இழையில் கோக்க வேண்டாம். தனியாகவே நடத்துங்கள்.

ஆசிரியர்கள் ஆண்டு தொடங்குமுன் ஒருமுறை உட்கார்ந்து குறியீடுகளை ஒப்பிட வேண்டும். அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாகப் பல இயற்பியல் நூல்கள் எடுக்கும். அமைப்பின்மேல் செய்யப்படும் வேலையை வேதியியல் நேர்க்குறியாக எடுக்கும். உணவு கலோரியும் ஜூலும் இன்னொரு இடர். ஓர் உணவு கலோரி 4.184 கிலோஜூல். எதை வைத்துக்கொள்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முதல் ஆறேழு வாரங்களில் பயிற்சி மதிப்பெண் குறையத்தான் செய்யும். பெற்றோர் கேட்கவும் செய்வார்கள். மாணவர்களே 'முன்பு நன்றாகப் புரிந்தது' என்பார்கள். நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் 2008-இல் வெளியிட்ட ஓவியப் பாணி ஆய்விலும் (ஓவியத்தைப் பார்த்து அதை வரைந்தவர் யார் என்று கண்டறியக் கற்பது), கலந்து பார்த்த ஓவியர்களையே நன்றாக அடையாளம் கண்ட பின்னும், தொகுத்துப் பார்த்ததுதான் உதவியது என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆகவே பயிற்சித் தாள் மதிப்பெண்ணைத் தரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தேர்வில் 60 மதிப்பெண் புதிய பாடத்துக்கு, 40 பழையதற்கு என்று வையுங்கள். இல்லாவிட்டால் பழைய கேள்விகளை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

முழுத் துறையும் உடன்வராவிட்டால் அட்டவணையைத் தொடாமல் ஒரு பருவம் தாள்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். இறுதித் தேர்வு பாடவாரியாக நடக்கும் இடங்களில் மாணவருடைய குறிப்பேடுதான் சிக்கல். எல்லாம் கலந்து கிடக்கும். முதல் நாளே பக்க எண் போடவைத்து, கடைசி மூன்று தாள்களை இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரித்து, அந்தந்தப் பாடத்தின் பக்க எண்களை வெள்ளிதோறும் ஐந்து நிமிடம் குறித்துவரச் சொல்லுங்கள்.