தோல் புற்றுநோய் கோடிங்: பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மாறும்போது

நோய்களுக்கு எண் கொடுக்கும் உலகப் பட்டியல்தான் ஐசிடி. சிங்கப்பூரில் 2012ல் அதன் பழைய பதிப்பான ஐசிடி-9-சிஎம் போய், ஆஸ்திரேலியப் பதிப்பான ஐசிடி-10-ஏஎம் வந்தது. பழைய தரவையும் புதிய தரவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தலைவலி இன்னும் விடவில்லை. தோல் புற்றுநோயில் அது கொஞ்சம் அதிகம்.

பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று காட்டும் மாற்று அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுதான் முதல் தவறு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் அழகாகப் பொருந்தும். நிறமிச் செல்களில் வரும் புற்றான மெலனோமாவுக்கு 172 இருந்தது, இப்போது சி43. மற்ற தோல் புற்றுகளுக்கு 173 இருந்தது, இப்போது சி44. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கூட மாறவில்லை: 3 முகம், 6 கை, 7 கால். ஆனால் மேல்தோலைத் தாண்டாத 'இன் சிட்டு' மெலனோமாவும் அந்தப் பழைய 172க்குள்தான் இருந்தது. புதியதில் அதற்கு டி03 என்று தனி எண் உண்டு. அட்டவணைக்கு இது எப்படித் தெரியும்? 172.7 என்றால் சி43.7 என்று போட்டுவிட்டுப் போகும். ஆசியர்களுக்கு மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகம் என்பதால், இந்த 7 நம் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும். பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்குள்ள காப்புறுதியின் கடும் நோய்த் திட்டங்களில், பெரும் புற்றுநோய்க்கான பொது விளக்கம் இன் சிட்டுவைச் சேர்ப்பதில்லை. ஆகவே இது வெறும் எழுத்து வேலை இல்லை.

போவன் நோயும், அதாவது மேல்தோலுக்குள்ளேயே நிற்கும் ஸ்குவாமஸ் செல் புற்றும், அப்படித்தான். ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்று பார்த்ததும் சிலர் சி44 போட்டுவிடுகிறார்கள். அது டி04.

அப்புறம், இணையத்தில் தேடிக் கோடு எடுக்கும் பழக்கம். மூக்கில் பேசல் செல் கார்சினோமா (தோல் புற்றில் ஒரு வகை) என்று தேடினால் சி44.311 வந்து நிற்கும். அது அமெரிக்கப் பதிப்பின் எண், நமக்கு ஆகாது. ஏஎம்மில் செல்லின் வகையைச் சொல்வது தனி எண்: பேசல் செல்லுக்கு எம்8090/3, ஸ்குவாமஸ் செல்லுக்கு எம்8070/3. சாய்கோட்டுக்குப் பிறகு 3 வந்தால் பரவக்கூடிய மூலப் புற்று, 2 வந்தால் இன் சிட்டு, 0 வந்தால் தீங்கற்ற கட்டி. சி43 பக்கத்தில் /2 நின்றால் இரண்டில் ஒன்று தப்பு. சேமிப்பதற்கு முன் ஒரு பார்வை போதும், பிடித்துவிடலாம்.

உதட்டில் கவனம் வேண்டும்: வெளித்தோல் என்றால் சி44.0, சிவந்த பகுதி என்றால் சி00.

புற்றை வெட்டி எடுத்த இடத்தின் ஓரத்தை அகலப்படுத்தி மறுபடி வெட்ட வந்தவருக்கு, 'மிச்சம் எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும் உடனே பழைய புற்றுநோய் வரலாறு என்று இசட்85 போடக்கூடாது. சிகிச்சை இன்னும் அந்தப் புற்றுக்குத்தான் நடக்கிறது.

எம் எண்ணை விட்டுவிடுவதை நான் சின்னத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11ல் ஸ்குவாமஸ் செல்லுக்கு 2சி31, பேசல் செல்லுக்கு 2சி32. வெறும் சி44 மட்டும் இருக்கும் கோப்பை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது? ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டியதுதான்.