டூட்டி முடிந்து வீடு திரும்பும் தாதிகளுக்கு

2021 ஜூலையில் கோவிட் வார்டில் நின்றவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் நமக்கு இன்னொரு பாரமும் உண்டு, கட்டிலில் மூச்சு வாங்கிக் கிடப்பவர் நம் லயத்து மாமாவாக இருப்பார். அப்படி இன்னொரு காலம் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

டூட்டி முடிந்து குளித்து உடை மாற்றியதும் உடனே கிளம்பாதீர்கள். கூட வேலை செய்யும் ஒருவரைச் சோடியாக வைத்துக்கொண்டு, அன்றைக்கு மனத்தில் தைத்ததை அவரிடம் பத்து நிமிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நைட் ஷிப்ட் என்றால் அதிகாலை மூன்று மணிக்கு மேல் கோப்பி வேண்டாம்.

"இன்னாருக்குப் பாசிட்டிவாமே?" என்று ஊரிலிருந்து போன் வரும். "அதை நான் சொல்லக் கூடாது அத்தை" என்பது ஒன்றுதான் பதில், எத்தனை முறை கேட்டாலும்.

இறப்புதான் கடினம். அந்தக் கோவிட் நாட்களில் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, யாரும் மேலே விழுந்து அழவும் முடியாது. கடைசியாகக் கையைப் பிடித்தது நாமாக இருப்போம், அடுத்த நிமிடம் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போயிருப்போம். ஒரு தாத்தாவுக்காக நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் மகள் "அப்பா, கண்ணைத் திறங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அதற்கப்புறம் பல மாதம் போன் மணி அடித்தாலே எனக்குச் சோறு இறங்காது. ஒரு வெள்ளிக்கிழமை சாமி அறையில் அவருக்கென்று ஒரு விளக்கு ஏற்றி, பெயரைச் சொல்லி அழுதேன். அன்றுதான் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. நீங்களும் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களே, "இன்றைக்கு எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்காதீர்கள். பசியாற எதையாவது எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், பேசுவதாக இருந்தால் அவரே பேசுவார்.

ஓய்வெடுத்தும் தீராத அசதி, வேலைமேல் வெறுப்பு, நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் வேலையால் வரும் சோர்வு என்கிறது, அது உங்கள் பலவீனம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். மனநல உதவிக்கு சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) எண் 15555. செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2023 செப்டம்பரிலிருந்து தற்கொலை முயற்சி நம் நாட்டில் குற்றம் இல்லை, அதனால் போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம், வீட்டில் இருப்பவர்களும் மறைக்க விடாதீர்கள்.