டிசம்பர் லீவில் கேமராவோடு ஊருக்குப் போகும் டர்பன்காரர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் நம் பள்ளி லீவும் தமிழ்நாட்டில் பறவைகள் கூடும் காலமும் ஒன்றாக வருவது நமக்கு வாய்த்த யோகம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஏரிகளை நிரப்பும், நிரம்பிய ஏரியில் நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும், அதே நேரத்தில் நாமும் போய் இறங்குகிறோம். மழை பொய்த்த வருடமென்றால் பறவையும் குறைவுதான், கிளம்பும் முன் உறவுக்காரர்களிடம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பது இன்னொரு வசதி, யாரும் உங்களை மண்டபம் மண்டபமாக இழுத்துக்கொண்டு அலைய மாட்டார்கள். தை பிறந்துவிட்டால் கதை வேறு. காணும் பொங்கலன்று மட்டும் வேடந்தாங்கல் பக்கம் போய்விடாதீர்கள், கொக்கைவிடக் கூட்டம்தான் கண்ணில் படும்.

நம்மில் பலர், முன்னோர் கூலிகளாக வந்தபோது பெயரும் ஊரும் பதிந்த கப்பல் பட்டியலின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு பாட்டனுக்குப் பாட்டன் ஊரைத் தேடித்தான் போகிறோம். பட்டியலில் செங்கல்பட்டு என்று இருந்தால் வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860இல் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வருவதற்கு 60 வருடம் முன்பே, 1798இல், அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாதென்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது, அவர்களுக்கு அது போதும்.

இப்போது பழக்கத்துக்கு வருகிறேன். ஷ்லுஷ்லூவே, க்ரூகர் வனவிலங்குப் பூங்காக்களில் நாம் சொந்தக் காரில், கண்ணாடியை இறக்கி, பீன் பேக் என்ற திணித்த பையின்மேல் லென்ஸைச் சாய்த்துவைத்து, வேண்டுமென்றால் ஒரு மணி நேரம்கூட ஒரே இடத்தில் நிற்போம். தமிழ்நாட்டில் அது நடக்காது. நீலகிரியின் முதுமலை புலிகள் காப்பகத்தில் வனத்துறை வண்டியில்தான் ஏற்றிப்போவார்கள், அது குலுங்கும், டிரைவர் இன்ஜினை நிறுத்தமாட்டார், உங்களுக்கு முன்னால் இருப்பவர் செல்போனை நீட்டிக்கொண்டிருப்பார். ஆகவே ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெதுவாக விடாதீர்கள், ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறன், ஏறினால் ஏறட்டும், புள்ளி புள்ளியாக வரும் படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்யமுடியாது. காட்டு வழியாகப் போகும் சாலையில் காரை நிறுத்தி இறங்குவது குற்றம், யானை நின்றாலும்தான், யானை நின்றால் இன்னும் அதிகமாக. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர்ச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், மைசூர் பக்கமிருந்து வருபவர்கள் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். இன்னொன்று, வாடகை வண்டிக்காரரிடம் வாய் தவறி ‘பக்கி’ வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். நமக்கு அது வண்டி, அங்கே அது வசவு.

வெளிச்சம்தான் நம்மை அதிகம் ஏமாற்றும். டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், சென்னைப் பக்கம் ஆறரை ஆகும், மாலை ஆறுக்குள் போயும்விடும். அதாவது பகல் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் குறைவு, பொன்வெயில் என்று நாம் காத்திருக்கும் நேரமும் சட்டென்று முடிந்துவிடும். நடுப்பகலில் சூரியன் தென்பக்கம் நிற்கும், இங்கே வடக்கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதல் இரண்டு நாள் குழப்பம். வேடந்தாங்கலில் மதியம் கேமராவை எடுப்பது வீண். நாலு மணிக்குமேல் கரையில் நின்றால், மேயப்போன கூட்டமெல்லாம் வரிசை வரிசையாகத் திரும்பி வந்து நீர்க்கடம்பு மரங்களில் அமர்வதைப் பார்க்கலாம்.

வெள்ளைப் பறவைகளில் என் முதல் பயணமே பாழானது. நிழலான தண்ணீரின் முன்னால் கொக்கு நிற்கும்போது, கேமரா இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுக்கவைக்கிறது, கொக்கு சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும், இறகு ஒன்றும் தெரியாது. வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள். வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர் எதிராகக் கூட்டவேண்டும். கோடியக்கரையில் பூநாரை எடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறியபின் உப்பளத்தின்மேல் காற்றே தண்ணீர்போல நெளியும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் அதை வெட்டிக்கொண்டு போகாது. அங்கே வெளிமான் சுலபமாகக் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஈரப்பதம் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஓட்டல் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். நான் அவசரப்பட்டுத் திறந்து, துணியால் துடைத்து, துடைக்கத் துடைக்க மறுபடி மங்கி, தலைக்குமேல் போன கரண்டிவாயன் கூட்டத்தை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு மிகப் பிடித்தது திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தங்குளம், ஜனவரி பிறந்த பிறகு. அங்கே பறவைகள் ஏரியோடு நிற்பதில்லை, வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும், கீழே ஒரு ஆச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அது அவர் வீடு, காட்சிசாலை அல்ல. முதலில் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வந்தோம் என்று சொல்லி, அனுமதி கேளுங்கள், உடைந்த தமிழானாலும் பரவாயில்லை. கூட்டுக்குக் கீழே போய் நிற்காதீர்கள், தாய்ப்பறவை எழுந்துபோனால் குஞ்சு வெயிலில் வாடும். போனில் குரல் போட்டுப் பறவையை வரவழைக்கும் வேலையும் வேண்டாம். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, அவர்கள் முன்னால் நாம் சத்தம் போட்டால் மரியாதை இருக்காது.

பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நத்தை குத்தி, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன். விடியற்காலையில் நம் கூரைமேல் கத்தும் ஹடீடாவும் ஒரு அரிவாள் மூக்கன்தான் என்று தெரிந்தபோது எனக்கு அதன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. நாம் திட்டித் தீர்க்கும் மைனாவும் அந்த ஊர்ப் பிறவிதான், 1902இல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வம்சம் என்பார்கள். மலைக்குப் போக நேரமிருந்தால் வால்பாறை. நம் தோட்டத்து இருவாச்சி குழந்தைபோல் அழும், அங்கே பெரிய இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தமே ரயில் வருவதுபோல் கேட்கும். புதுத்தோட்டத்தில் சோலைமந்தி சாலையோரமாகவே வரும், தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

மூட்டை கட்டும்போது: டிரோன் வேண்டாம், 2022 முதல் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. மலையேறும்போது நாம் வைத்துக்கொள்ளும், சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவியும் வேண்டாம், அனுமதியில்லாமல் வைத்திருந்தால் போலீஸ் வரை போகும். பேட்டரிகள் கைப்பையில். நம் பெரிய உருண்டை மூன்று முனை பிளக், அங்கே ஏசிக்கும் கீசருக்கும் வைத்திருக்கும் பெரிய சாக்கெட்டில் அப்படியே பொருந்தும், அடாப்டர் தேடி அலையவேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் தேசியப் பூங்காக்களில் உள்ளூர்க் கட்டணம்தான், டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரியாமல் போகலாம், அட்டையைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லுங்கள். கிளம்பும் முன் டர்பன் விமான நிலையச் சுங்கத்தில் கேமரா, லென்ஸ் எண்களைப் பதிந்துகொள்ளுங்கள், திரும்பும்போது வரி கேட்கமாட்டார்கள். பீன் பேக்கைக் காலியாகவே எடுத்துப் போங்கள். அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொண்டால் ஆயிற்று, கிளம்பும் அன்று அத்தை வீட்டில் கொட்டிவிட்டு வரலாம்.