தலைமயிர் நடப் போகிறீர்களா? முதலில் பின்தலையைக் கணக்குப் பாருங்கள்

கண்ணாடிக்கு முன்னால் நின்றால் எல்லோருக்கும் நெற்றிதான் தெரியும். எனக்கும் அதுதான் தெரிந்தது. கொழும்பில் முதலில் போன ஓர் இடத்தில் பத்து நிமிடத்தில் விலை சொல்லி முற்பணம் கேட்டார்கள். என் பின்தலையை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காசைக் கட்டாமல் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து வேறோர் இடத்தில் செய்துகொண்டேன். இடையில் அறிந்துகொண்டவை இவை.

புகையிலைத் தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். மேடையில் நிற்கும் கன்றைப் பிடுங்கித் தோட்டத்தில் நடுகிறோம் அல்லவா, அதேதான். புது மயிர் எதையும் உண்டாக்குவதில்லை. பின்தலையிலும் பக்கங்களிலும் நிற்கும் மயிரை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள். வழுக்கையை உண்டாக்கும் டி.எச்.ரி என்ற ஹோர்மோனுக்கு அந்த இடத்து மயிர் அவ்வளவாக அசையாது, இடம் மாறினாலும் அந்தக் குணம் கூடவே வரும். ஒரு வித்தியாசம்: கன்று மேடையில் திரும்ப விதைக்கலாம். பின்தலையில் பிடுங்கிய துளையில் மறுபடி முளைக்காது.

படி 1: எந்த உதிர்வு என்று அறியுங்கள்

நெற்றி ஓரம் ஏறி, உச்சி ஐதாகிக்கொண்டு போனால் அது பரம்பரை வழுக்கையாக இருக்கலாம். தாய்மாமனை மட்டும் குறை சொல்லாதீர்கள், அப்பா வழியிலும் வரும். கிணற்றுத் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், வழுக்கையாக்காது.

மாரி மழைக்குப் பிறகு டெங்கு வந்து, மாசி பங்குனியில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா? காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டுவது வழமை, பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். இரும்புச்சத்துக் குறைவு, தைரொய்ட் கோளாறு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. காசு அளவில் வட்டமாக விழுந்தால் புழுவெட்டு. அதற்கு நடுகை ஏற்ற வழியல்ல, நட்டதும் விழக்கூடும். இதையெல்லாம் பிரித்துச் சொல்ல வேண்டியவர் தோல் வைத்திய நிபுணர். விலைப்பட்டியல் வைத்திருப்பவரிடம் போவதற்கு முன் அவரிடம் போங்கள்.

படி 2: மருந்துக்கு ஒரு வருடம் கொடுங்கள்

பரம்பரை வழுக்கைக்கு இரண்டு மருந்து இருக்கிறது. மினொக்சிடில் தலையில் பூசுவது. தொடங்கியதும் முதல் சில வாரம் கூடக் கொட்டும், பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் குளிசை, ஆண்களுக்கு. சிலருக்குப் பாலியல் ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரும். ஆகவே பாமசியில் நீங்களாக வாங்காமல் வைத்தியர் சொல்லி எடுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைத் தொடக்கூடாது. இரத்ததான முகாமுக்குப் போகிறவர் என்றால் இதை எடுப்பதை அங்கே சொல்லுங்கள்.

நடுகைக்குப் பிறகும் இந்த மருந்து தேவைப்படலாம். நட்டது நிற்கும், நடாமல் விட்ட பழைய மயிர் தொடர்ந்து போகும். 23 வயதில் நெற்றியை மட்டும் நட்டுவிட்டு, 40 வயதில் நெற்றிக் கரை ஒரு வேலி மாதிரி நிற்க அதன் பின்னால் வெறும் காணியாகக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் தம்பிமார் அவசரப்படக் கூடாது என்பது இதனால்தான்.

படி 3: பொலித்தீனும் வரைபுத்தாளும்

எவ்வளவு நட வேண்டும் என்ற கணக்கை வீட்டிலேயே பார்க்கலாம். ஒளி ஊடுருவும் பொலித்தீன் துண்டைத் தலையில் வைத்து, ஐதான இடத்தின் எல்லையை மாக்கர் பேனாவால் ஒருவரைக் கீறச் சொல்லுங்கள். (என் மனைவி சிரித்து முடியக் கால் மணித்தியாலம் ஆனது.) அதை வரைபுத்தாளின் மேல் விரித்து, சென்ரிமீற்றர்ச் சதுரங்களை எண்ணுங்கள்.

ஒரு ‘கிராஃப்ட்’ என்பது ஒன்று முதல் நான்கு மயிர் சேர்ந்து முளைக்கும் ஒரு சிறு கொத்து. சராசரியாக இரண்டு மயிர் இருக்கும். இயல்பான தலையில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 65 முதல் 85 கொத்து வரை நிற்கும். நடும்போது 40 அளவில் நட்டாலே பார்வைக்கு நிறைவாகத் தெரியும். உங்கள் கணக்கு 60 சதுரம் என்றால் 60 × 40 = 2400 கிராஃப்ட்.

அடுத்து உச்சி முழுக்கப் போனவரின் கணக்கைப் பாருங்கள். 200 சதுரத்துக்கு 8000 வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் பின்தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு 6000ஐச் சுற்றித்தான் நிற்கும், சிலருக்கு அதிலும் குறைவு. “ஒரே நாளில் 5000 நடுகிறோம்” என்று யாரும் பெருமையாகச் சொன்னால், மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். அளவுக்கு மீறி எடுத்தால் பின்தலை பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும்.

படி 4: மயிரை எடுக்கும் முறை

எஃப்.யூ.ரி முறையில் பின்தலையில் ஒரு நாடா அளவு தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். நீளக் கோடாகத் தழும்பு இருக்கும், மயிரை ஒட்ட வெட்டினால் தெரியும். எஃப்.யூ.ஈ முறையில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் துளைப்பானால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தழும்பு புள்ளி புள்ளியாக இருக்கும். “தழும்பே வராது” என்பது விளம்பரம். நேர்த்திக்கு மொட்டை போடும் பழக்கம் உள்ளவர் இதை முன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

படி 5: கத்தி யார் கையில்?

வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நேராகவே கேளுங்கள்: முன்னால் துளை இடுவது யார், பின்னால் எடுப்பது யார், அன்றைக்கு உங்கள் ஒருவருக்குத்தானா அல்லது பக்கத்து அறையில் இன்னும் மூன்று பேரா? துருக்கிக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் இதே கேள்விதான். வெளிநாட்டில் செய்தால், ஆறாம் நாள் சீழ் வைத்தால் யாரிடம் ஓடுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள், அவ்வளவுதான்.

படி 6: நாள் குறிப்பது

எங்கள் ஊருக்கு இது பெரிய விசயம். நல்லூர்த் திருவிழாவுக்குச் சற்று முன்னர் செய்யவே வேண்டாம். வெறும் தலையில் ஆவணி வெயில், அதற்குமேல் தரையில் உருளும் பிரதட்டை! கல்யாணம் என்றால் குறைந்தது 12 மாதம் முந்துங்கள். ஹெல்மெட் இரண்டு வாரமளவுக்குப் போடக்கூடாது, ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடவும் கூடாது. ஆகவே வேலைக்கு எப்படிப் போவீர்கள்? கொழும்பில் செய்தால் அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். சீற்றில் தலை உரசும். முதல் கழுவல் முடியும் வரை நில்லுங்கள்.

படி 7: முந்தைய இரண்டு வாரம்

சிகரெட், சாராயம் இரண்டையும் நிறுத்துங்கள். சலரோகம், பிரஷர், எடுக்கும் குளிசை, சித்த மருந்து, மீனெண்ணெய்க் குளிசை எதையும் மறைக்க வேண்டாம், சிலது இரத்தப்போக்கைக் கூட்டும். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதித் தந்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

படி 8: பிறகு

விறைப்பூசி குத்தும் சில நிமிடம்தான் கஷ்டம். மிச்ச ஆறேழு மணித்தியாலம் சலிப்பு. முதல் சில இரவு தலையணை அடுக்கிச் சாய்ந்து படுங்கள். மூன்றாம் நாளளவில் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கும், பயம் வேண்டாம். குளிப்பு கிணற்றடியில் என்றால் வாளியால் தலையில் அள்ளி ஊற்றக் கூடாது. சிறு கோப்பையால் மெதுவாக விடுங்கள். எண்ணெய் முழுக்கு, கீரிமலைக் கேணி, கடல் எல்லாம் வைத்தியர் சரி என்ற பிறகு. பொருக்கு 7 முதல் 10 நாளில் உதிரும், நகத்தால் கிள்ள வேண்டாம்.

அப்புறம் இரண்டாம் வாரத்திலிருந்து நட்ட மயிரே கொட்டத் தொடங்கும். அம்மா என் தலையணையைப் பார்த்து, “காசும் போச்சு, மயிரும் போச்சு” என்றார். வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய நூல் மாதிரி வெளியே வரும், 12 மாதத்தில் உருவம் தெரியும், உச்சி இன்னும் பிந்தும். மாதம் ஒரு படம் ஒரே யன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் படம் எடுத்துக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.